வெட்டிய இடம்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர உபாத்தியாயர் ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றிருந்தபோது, அவருடைய வகுப்புக்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நானோ சரித்திரம் கற்பிக்கிறவன். ஒரு நேர்கோடு போடுவதென்றாலும் அடிக்கோலைத் தேடுகிற பேர்வழி. நல்ல வேளையாக, அவர் போகும்போதே வழி சொல்லிவிட்டுப் போனார். அலமாரியில் லினோலியத் துண்டுகளும் சின்னஞ்சிறு உளிகளும் இருக்கின்றன. பையன்கள் அவரவர் பெயரை அதில் வெட்டி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கட்டும். விரலை வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

பையன்களில் ஒருவன் மற்றவர்களைவிடச் சிரத்தை உள்ளவன். இரண்டு பீரியட் நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரைச் செதுக்கினான். உருளையால் மை தடவி, காகிதத்தை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, ஆவலோடு எடுத்துப் பார்த்தான். பெயர் இடம் வலமாகப் புரண்டு கிடந்தது. அதையாவது அவன் பொறுத்துக்கொண்டான். வேறொன்றுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஸார், நான் கஷ்டப்பட்டு வெட்டின இடத்தில் மையே விழவில்லையே! வெட்டாமல் சும்மா விட்ட இடந்தானே அச்சாகியிருக்கிறது? அப்படியானால் நான் வெட்டினதெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் நீ வெட்டினது" என்று ஏதோ பதில் சொல்லி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரையில் நடந்து வந்தது. இதே கேள்வியை ஆயுள் முழுவதும் நெஞ்சில் சுமந்து திரிந்தார் என்று சொல்லத்தக்க ஒரு வங்காளிச் சித்திரக்காரரைப் பற்றிய நினைவு வந்தது. அவர் பெயர் சோம்நாத் ஹோர். இந்த வாரம் இந்தப் பகுதியில் அவரைப் பற்றித்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த லினோலியம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இது சித்திரத்துக்காகப் பிறந்த பண்டமே அல்ல. 1860-ஆம் வருஷத்தை ஒட்டி, இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் வீட்டுத் தரையில் விரிப்பதற்காகக் கண்டுபிடித்தது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்படவிட்டால் அது மெள்ள மெள்ள இறுகி ரப்பரைப்போல் ஆகிறது. அதோடு தக்கைத் தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் பரப்பிவிட்டால் லினோலியம் ஆயிற்று. மரத்துக்கு இழை உண்டு. உளி அந்த இழையோடு சமாதானம் செய்துகொண்டுதான் போகவேண்டும். லினோலியத்துக்கு இழை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உளி போகும். சற்று வெயிலில் வைத்தால் இளகி இன்னும் இதமாக வெட்டுப்படும். அச்செடுக்க யந்திரங்கூட வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல் ஒரு கரண்டியே போதும். ஆகையால் குழந்தைகளுக்கும் காசில்லாத கலைஞர்களுக்கும் அது தோழனாயிற்று.

நம் தேசத்தில் லினோலியச் சித்திரம் ஒன்றை எல்லோருமே பார்த்திருக்கிறோம். 1930-ஆம் வருஷம் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டிக்குப் பாதயாத்திரை போனபோது, சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் ஒரு லினோலியத் துண்டை எடுத்து அவர் உருவத்தைச் செதுக்கினார். கன்னங்கறேலென்ற பின்னணி, அதில் கையில் கோலோடு சற்றே முன்னால் குனிந்து நடந்து செல்லும் மகாத்மா, ஒரு சில வெண்மையான கோடுகளிலே! வெட்டிய இடம் வெளிச்சமாயிற்று. இருட்டிலிருந்து தேவையான அளவை மட்டும் உளியால் எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் மகாத்மா வந்து நின்றார். லினோலியத்தில் வெட்டுவதென்பது இருட்டைக் குறைப்பது. இதுதான் என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் பதில்.

ஆனால் எல்லா வெட்டும் வெளிச்சமாகிவிடுவதில்லை. சோம்நாத் ஹோரின் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

அவர் பிறந்தது 1921-ஆம் வருஷம், அன்றைய வங்காளத்தின் சிட்டகாங் ஜில்லாவில் பராமா என்ற கிராமத்தில். இன்று அது வங்காளதேசத்தைச் சேர்ந்தது. இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், சிட்டகாங் யுத்தத்தின் வாசற்படியாகிவிட்டது. அந்த வருஷம் பட்டியா என்ற ஊரில் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் ஜனங்கள் மாண்டதையும் காயமுற்றதையும் அந்த வாலிபர் கண்ணால் கண்டார்.

அடுத்த வருஷம் வந்த பஞ்சத்தைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பர்மா அரிசி நின்றுபோயிற்று. சத்துருவின் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று சர்க்கார் கடற்கரை ஜில்லாக்களில் படகுகளைப் பறிமுதல் செய்து, நெல் கையிருப்பையும் அகற்றிற்று. 1942 அக்டோபரில் அடித்த புயல் மேற்கு வங்காளத்துக் கடலோரப் பயிரை அழித்தது. விலைவாசி ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பசியாலும், பசியைத் தொடர்ந்து வந்த நோய்களாலும் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். யுத்த காலத்தில் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் பொறுப்பிலே இருந்த ஜனங்கள் அவர்கள்.

அந்தச் சமயத்தில் சோம்நாத்துக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். சித்தபிரசாத் என்ற சித்திரக்காரர். இவரைவிட ஆறு வயது மூத்தவர். பசியால் வாடுகிறவர்களை எதிரே உட்கார்ந்து பார்த்து வரையவேண்டும். மனத்திலிருந்து கற்பனை செய்து வரையக் கூடாது என்பது அவரிடம் கற்ற பாடம். வீதிகளில் கிடந்தவர்களை இவர் வரைந்தார். கம்யூனிஸ்டுக் கட்சியின் பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளியாயின. சித்தபிரசாத்தோ மிதுனபுரி ஜில்லாவில் சுற்றி, தாம் கண்டதையெல்லாம் எழுதியும் வரைந்தும் 'பசித்த வங்காளம்' என்ற சிறு புத்தகமாக வெளியிட்டார். சர்க்கார் அதன் பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. ஆயினும் தப்பிய பிரதியிலிருந்து பிற்காலத்தில் அந்தப் புத்தகம் மீண்டும் அச்சேறியது. பல பிரதிகள் எடுக்கும் கலைக்கு இப்படியும் ஒரு பலம் உண்டு. ஒன்றை எரிக்கலாம், நூறை எரிக்கலாம். எங்கேயோ ஒன்று தங்கிவிடுகிறது.

பிறகு சோம்நாத் கல்கத்தாவில் சர்க்கார் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ஜைனுல் ஆபிதீன். பஞ்ச காலத்தில், மலிவான காகிதத்தில் கறுப்பு மையும் தூரிகையுமாக மரணத்தை வரைந்தவர் இவர். அச்சுச் சித்திரக் கலையில் கைதேர்ந்த சபியுத்தீன் அகமதும் அங்கே ஆசிரியராக இருந்தார். தேசப் பிரிவினைக்குப் பிறகு இவ்விருவரும் டாக்காவுக்குப் போய்விட்டார்கள். மாணவர் கல்கத்தாவிலேயே தங்கினார். சொந்த ஊர் அயல்நாடாகிவிட்டது.

1946-ஆம் வருஷக் கடைசியில் அவர் ரங்கபூர் ஜில்லாவுக்குச் சென்றார். அங்கே வாரத்துக்குப் பயிரிடும் குடியானவர்கள், விளைச்சலில் பாதியை நிலச்சொந்தக்காரருக்குக் கொடுப்பது வழக்கம். அதை மாற்றி, மூன்று பங்கில் இரண்டு உழுதவனுக்கு, ஒன்று நிலத்துக்காரனுக்கு என்று கேட்டு அவர்கள் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். 'தேபாகா' என்று அதற்குப் பெயர். சோம்நாத் அவர்களோடு தங்கி, நாள்தோறும் கண்டதைக் குறிப்பெழுதி, பக்கத்திலேயே படமும் வரைந்துகொண்டார். அந்த நாட்குறிப்பு இன்று நம் தேசத்துச் சரித்திரத்துக்கே ஒரு சாசனமாக இருக்கிறது. நான் சரித்திர உபாத்தியாயன் என்ற முறையில் சொல்கிறேன்: அறுவடை செய்தவனின் முகம் எப்படியிருந்தது என்பதை எந்த ரிக்கார்டும் நமக்குச் சொல்வதில்லை. இந்த நாட்குறிப்பு சொல்கிறது.

அந்தப் படங்களிலிருந்து அவர் மரத்தில் செதுக்கிய சித்திரங்கள் பிறந்தன. சீனத்தில் லூ சுன் என்ற எழுத்தாளர் 1930-களில் இளைஞர்களைத் திரட்டி மரச்செதுக்குக் கலையை வளர்த்திருந்தார். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற அம்மையார் நெசவாளர்களின் பசியையும், குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரத்தையும் அச்சுச் சித்திரங்களாக்கியிருந்தார். இவ்விரண்டின் சாயலும் சோம்நாத்தின் ஆரம்பச் சித்திரங்களில் உண்டு. அழுத்தமான கறுப்பு, அதைக் கிழித்துக்கொண்டு வரும் வெள்ளை. மரமானாலும் லினோலியமானாலும் முறை ஒன்றுதான்: மேடாக நிற்கும் இடம் மையை வாங்கிக்கொள்ளும், பள்ளமான இடம் வெளிச்சமாகும். குடியானவர்கள் கூடி நிற்கும் காட்சிக்கு இது மிகவும் பொருந்தும். அவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். சித்திரத்திலும் வெளிச்சம் இருந்தது.

பிறகு, 1950-களில், அவர் மெள்ள வேறு பக்கம் திரும்பினார். 'எட்சிங்' என்று சொல்லப்படும் தகட்டுச் சித்திர முறைக்கு வந்தார். இது லினோலியத்துக்கு நேர்மாறானது. எவ்விதம் என்று சொல்கிறேன்.

செம்பு அல்லது துத்தநாகத் தகடு ஒன்றை எடுத்து, அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பூசுகிறார்கள். ஊசியால் அந்தப் பூச்சின்மீது படம் கீறுகிறார்கள். ஊசி உலோகத்தை வெட்டுவதில்லை, பூச்சைத்தான் விலக்குகிறது. பிறகு தகட்டைத் திராவகத்தில் மூழ்க வைக்கிறார்கள். பூச்சு இருக்கும் இடத்தில் திராவகம் செல்லாது. கீறிய இடத்தில் மட்டும் உலோகத்தை அரிக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் மெல்லிய கோடு. அதிக நேரம் வைத்தால் ஆழமான கோடு. போதும் என்று தோன்றிய கோடுகளை வெளியே எடுத்து வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி திராவகத்தில் விடுவதும் உண்டு. பின்பு பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுவதும் மை தேய்த்து, மேற்பரப்பிலுள்ள மையைத் துணியால் துடைத்தெடுக்கிறார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்குகிறது. ஈரமான காகிதத்தை அதன்மேல் வைத்து, கம்பளியைப் போர்த்தி, கனமான உருளைகளுக்கிடையே செலுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் அமுங்கி அங்குள்ள மையை எடுத்துக்கொண்டு வருகிறது.

லினோலியத்தில் வெட்டிய இடம் வெள்ளை. இங்கே வெட்டிய இடம் கறுப்பு! அங்கே காயம் வெளிச்சமாயிற்று. இங்கே காயம் தன்னுள் இருளைத் தேக்கி வைத்துக்கொண்டு, பிறகு அதைக் கொடுக்கிறது. அங்கே கை செய்கிறது. இங்கே திராவகம் செய்ய, கை காத்திருக்கிறது. காலந்தான் கோட்டின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது.

சோம்நாத் ஏன் இதற்கு வந்தார்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். குண்டு விழுந்து சாவது ஒரு கணம். கிளர்ச்சி ஒரு காலம். பசி அப்படியல்ல, அது அரித்து அரித்துக் கொல்லுவது. முதலில் சதை போகிறது, பிறகு குரல் போகிறது, பிறகு கண்ணிலுள்ள விருப்பம் போகிறது. இருபத்திரண்டு வயதில் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்த ஒருவருக்கு, உலோகத்தை மெள்ள மெள்ளத் தின்னும் திராவகம் தம் விஷயத்துக்கு உகந்த கருவியாகத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அவருடைய தகட்டுச் சித்திரங்களில் மனிதர்களும் ஆடுமாடுகளும் எலும்புக்கூடாகக் குறுகி நிற்கிறார்கள். கோல்விட்ஸ் அம்மையார் தகட்டுச் சித்திரத்தில் தொடங்கிப் பிற்காலத்தில் மரச்செதுக்குக்கு வந்தார்; இவர் மரத்தில் தொடங்கித் தகட்டுக்கு வந்தார். துக்கத்துக்கு ஒரே பாதை இல்லைபோலும்.

இதற்கிடையில் அவர் பிழைப்பும் நடந்தது. கட்சியை விட்டு விலகினார். ஆனால் பசித்தவர்களை விட்டு விலகவில்லை. 1958-இலிருந்து சில வருஷங்கள் தில்லி பாலிடெக்னிக்கில் அச்சுச் சித்திரக் கலை கற்பித்தார். பிறகு சாந்திநிகேதனத்தின் கலாபவனத்துக்கு வந்து அந்தத் துறையின் தலைவரானார். நந்தலால் போஸ் மகாத்மாவைச் செதுக்கிய அதே இடத்தில் இவர் மாணவர்களுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1970-களின் ஆரம்பம். கிழக்கே வங்காளதேச யுத்தம். எல்லையைத் தாண்டி அகதிகளின் வெள்ளம். கல்கத்தாவின் வீதிகளில் வாலிபர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பொழுது அவர் 'ரணங்கள்' என்ற வரிசையைச் செய்தார். அதற்காக ஒரு புது முறையையே உண்டாக்கினார். களிமண் அல்லது மெழுகுப் பரப்பைக் கத்தியால் கீறியும், குத்தியும், சூடான கருவிகளால் பொசுக்கியும், அதன்மேல் சிமெண்டு வார்த்து அச்செடுத்தார். ஊறவைத்து அரைத்த காகிதக் கூழை அந்த அச்சில் இட்டு அழுத்தி உலர்த்தினார். உலர்ந்தபின் வெளியே வந்தது ஒரு வெள்ளைக் காகிதம். அதில் மை இல்லை. உருவம் இல்லை. வெள்ளையில் வெள்ளையாக ஒரு கிழிசல், ஒரு துளை, ஒரு வீக்கம். சிலவற்றில் மட்டும் சிறிது சிவப்பு.

மரத்தில் விழுந்த தழும்பும், லாரிச் சக்கரம் பதிந்து குழிந்த பாதையும், காரணமின்றிக் குத்துப்பட்ட மனிதனும் தமக்கு ஒன்றுபோலவே தோன்றின என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். பஞ்சத்தில் பார்த்த ரணம் முப்பது வருஷங்களாக ஆறவில்லை. தம் தேசம் சுதந்திரம் அடைந்த பின்னும் புதிய ரணங்கள் விழுந்துகொண்டே இருந்தன. முதலில் அவர் வெட்டியது வெளிச்சமாயிற்று, பிறகு இருளாயிற்று, கடைசியில் வெளிச்சமாகவும் ஆகாமல் இருளாகவும் ஆகாமல், வெட்டியது வெட்டாகவே காகிதத்தில் நின்றுவிட்டது. "நான் வெட்டினது எங்கே போயிற்று?" என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது. எங்கேயும் போகவில்லை என்பதே அந்தப் பதில்.

பிற்பாடு அவர் வெண்கலச் சிற்பங்களும் செய்தார். வியத்நாம் ஜனங்களின் போராட்டத்துக்கு அஞ்சலியாகச் செய்த தாயும் சேயுமான பெரிய சிற்பம் ஒன்று, 1977-இல் முடிந்த கையோடு கலாபவனத்திலிருந்து திருட்டுப் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவேயில்லை. சிற்பம் ஒன்றே ஒன்று, போனால் போயிற்று. அச்சுச் சித்திரங்களோ பல இடங்களில் பல பிரதிகளாகத் தங்கிவிட்டன. 2006-ஆம் வருஷம் சாந்திநிகேதனத்தில் அவர் காலமானார். மறு வருஷம் சர்க்கார் பத்மபூஷண் விருது அளித்தது.

இந்த வரிசையில் ஒரு படத்தை எங்கள் ஆசிரியர் அறையில் தமிழ்ப் பண்டிதரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "ஐயா, கலை என்றால் மனத்துக்கு ஆறுதல் தரவேண்டாமா? இதை வீட்டுச் சுவரில் மாட்ட முடியுமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னால், என் வீட்டிலும் நான் மாட்டமாட்டேன். குழந்தைகள் சாப்பிட உட்காரும் கூடத்தில் அதை மாட்ட எனக்குத் தைரியம் போதாது. இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சோம்நாத் வரைந்த படத்தால் வீதியில் கிடந்தவர்களில் ஒருவருக்காவது ஒரு பிடி சோறு கிடைத்ததா என்று கேட்டால், எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அந்த வேதனை அவருக்கும் இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஒரே ரணத்தை இத்தனை வருஷம் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருப்பாரா?

ஆனால், பண்டிதருக்கு நான் சொன்ன பதில் இது: சுவரில் மாட்டுவதற்காக அவர் இதைச் செய்யவில்லை. 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று நான் வகுப்பில் சொல்கிறேன். பையன்கள் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பரீட்சையில் திருப்பி எழுதி, மறந்துவிடுகிறார்கள். எண்ணிக்கை அப்படித்தான், வழுக்கிப் போய்விடும். இந்தக் காகிதத்தின்மேல் விரலை வைத்தால் அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். "எங்களுக்குத் தெரியாதே" என்று பின்னால் வருகிறவர்கள் சொல்ல முடியாதபடி ஒருவர் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பசித்தவனுக்குச் சோறு போடுவது வேறு காரியம். அதைச் செய்யவேண்டியவர்கள் நாம். சித்திரக்காரர் தம் பங்கைச் செய்துவிட்டார்.

பண்டிதர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் மறுபடி ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்.

அடுத்த வாரம் அந்தப் பையன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் ஒரு புதிய லினோலியத் துண்டு. இம்முறை பெயரைக் கண்ணாடியில் பார்த்து, புரட்டி எழுதி, எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டியிருந்தான். அச்சில் பெயர் நேராக, கறுப்பாக விழுந்திருந்தது. முந்தியதை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அதையும் வைத்திருக்கிறேன், ஸார். அதுதான் பார்க்க நன்றாயிருக்கிறது" என்றான்.

நேயர்கள் வீட்டுக் குழந்தைகள் யாராவது உளியும் லினோலியமும் வேண்டுமென்று கேட்டால் மறுக்காமல் வாங்கிக் கொடுங்கள். பெரிய செலவல்ல. வெட்டும்போது இடது கை எப்பொழுதும் உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் வைக்கக் கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். நான் அந்த வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது. என் விரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.